நூற்றுப் பதினெட்டு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு
நேர்கண்ணில் எங்கள் அறை.
ஜன்னலைத் திறந்தால்
திருவனந்தபுரம் பஸ் டிரைவரின் கொட்டாவி தெரியும்.
பாலத்தின் இணைப்பில் டயர் ஏறி இறங்கும்
தடக் தடக்கை அடக்க
சுவரெல்லாம் முட்டை அட்டை,
ஸ்பீக்கருக்கு அடியில்
ஷாஜின் வீட்டு ரப்பர் ஷீட் இரண்டு.
புகை நாற்றம் இன்னும் போகவில்லை.

இரண்டு மென்பொருள்.
ஒன்று தாளம் போடும்.
மற்றது கீபோர்டையும் வயலின்களையும் வைத்திருக்கும்.
இரண்டுமே விலை கொடுத்து வாங்கியதல்ல;
லினக்ஸ், யாரோ எங்கோ சும்மா தந்தது,
ஆகையால் யாரையும் திட்ட முடியாது.
முதலாவது மிடி கடிகாரம் அனுப்ப வேண்டும்,
கால்நோட்டுக்கு இருபத்துநான்கு துடிப்பு.
இரண்டாவது அதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.
அவ்வளவுதான் ஒப்பந்தம்.

வேகம் நூற்றுப் பதினெட்டு என்று தட்டினேன்.
பின்னால் வருவது காட்டியது: நூற்று நான்கு.
இமைப்பதற்குள் நூற்றிருபத்தைந்து.
மறுபடி நூற்று நான்கு.
வயலின்கள் ஒன்றின் காலை ஒன்று மிதித்தன.
கூட்டி வகுத்தால் நூற்றுப் பதினெட்டுதான்.
சராசரியில் சரி,
ஒவ்வொரு துடிப்பிலும் பொய்.

“கேபிளா இருக்கும்லே” என்றான் ஷாஜின்.
“கேபிளே இல்லியே மக்கா,
ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளல்லா இருக்கு.”
பஃபரைக் குறைத்தோம்; ஒலி பொரிந்தது,
எண்ணெயில் நேந்திரங்காய் விழுந்ததுபோல.
கூட்டினோம்; கட்டையை அமுக்கிவிட்டு
சத்தம் வரும்வரை கை கட்டி நின்றோம்.

சும்மா ஒரு எரிச்சலில்
நூற்றிருபத்தைந்து வைத்தான் அவன்.
அசையவில்லை.
ஆணி அடித்ததுபோல் நின்றது எண்.

ரெஜிலாவுக்குப் போன் போட்டேன்.
“ஏழு கூட்டணுமா?
இப்பவே ‘இரக்கம்’னு பாடச்சில
‘ர’ எங்க போவுதுன்னு தெரியல்ல.
கொயர்ல பதினாலு பேரு உண்டு,
மூச்சு எங்க எடுக்க?”
வைத்துவிட்டாள்.

சிப்ஸ் பொட்டலத்தின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
நூற்றிருபத்தைந்தில்
துடிப்புக்குத் துடிப்பு இருபது மில்லிசெகண்ட், சுத்தமாக.
நூற்றுப் பதினெட்டில் இருபத்தொன்றும் சில்லறையும்.
கர்னலோ
நான்கு மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் கண் திறக்கிறது.
களியக்காவிளையில் இறங்கி
அந்தப் பக்கத்து பஸ்ஸுக்கு ஓடுகிறவனுக்குத் தெரியும் இது.
நீ எப்போது வந்து சேர்ந்தாய் என்பது பேச்சில்லை,
பஸ் எடுக்கும் நேரம்தான் நேரம்.
ஒரு துடிப்பு இருபதில் ஏறிவிடும்.
அடுத்தது இருபத்துநான்கு வரை நிற்கும்.
சில்லறைக்கு பஸ் இல்லை.

இரவு பதினொன்றுக்கு கர்னலைப் பிரித்தோம்.
நொடிக்கு இருநூற்றைம்பது என்றிருந்ததை ஆயிரம் ஆக்கி
முழுவதையும் மறுபடி கட்டச் சொன்னோம்.
திரையில் வரிகள் ஓடின. வெளியே மழை.
இரண்டரைக்கு கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தத் தொடங்கியது.
“இவன் மட்டும் தாளம் தப்பல்ல, பாத்தியா.”
பன்னிரண்டு நிமிடம் தாங்கும் பேட்டரி.
பதினோராவதில் வந்தது கரண்ட்.

விடியும்போது அதே நூற்றுப் பதினெட்டு.
காட்டியது: நூற்றுப் பத்தொன்பது.
நூற்றுப் பதின்மூன்று. நூற்றுப் பத்தொன்பது.
போகவில்லை, சுருங்கியிருந்தது.
கண்ணை மூடிக் கேட்டேன். காதுக்கு எட்டவில்லை.
திரையின் அந்த மூலையில்
ஷாஜின் கறுப்பு டேப் ஒட்டினான்.

பத்து மணிக்குப் பதினாலு பேரும் வந்தார்கள்,
குடைகளை வாசலில் விரித்து வைத்துவிட்டு.
‘ர’ இருந்தது.

பில் எழுத உட்கார்ந்தேன்.
ஒலிப்பதிவு, மூவாயிரம்.
மிக்சிங், ஆயிரத்து ஐந்நூறு.
நான்கை ஒன்றாக இறக்கிய வகையில்
மூன்று மில்லிசெகண்ட்,
அதை எந்தக் கட்டத்தில் போட?
“டீ, வடை, இதர” என்று எழுதி
நாற்பது ரூபாய் போட்டேன்.

ரெஜிலா சுண்டுவிரலை வைத்தாள்.
“இதரன்னா?”

பாலத்தில் ஒரு பஸ் ஏறி இறங்கியது.

“ராத்திரி டீ கொஞ்சம் கூடிப் போச்சு” என்றேன்.